நடவு வயலுக்கும் அடையாறுக்கும் நடுவே

கும்பகோணத்தில் ரயில் ஏறினால் திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, அதன்பின் குத்தாலம். ஜன்னலுக்கு வெளியே நெல் வயல் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். கும்பகோணத்துக்கு மேற்கே அய்யம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் போனால் அகத்தியைப் பிடித்து ஏறும் வெற்றிலைக் கொடிக்கால்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சீவலுக்கும் அதே ஊர்தான் பேர்போனது. நெல் விளைகிற சீமை என்பது பாதிக் கதை; மென்று துப்புகிற சீமை என்பது மீதிக் கதை.

தாம்பூலத்தில் சாதி, வர்க்கம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். பார்த்தார்கள். மிராசுதாரின் வெற்றிலைச் செல்லத்தில் கொழுந்து வெற்றிலை, நெய்ச் சீவல், ஏலம், கிராம்பு. பண்ணையாளின் மடியிலும் நடவுப் பெண்ணின் சுருக்குப் பையிலும் வாடிய வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, கூடவே கறுத்த புகையிலை. அவருக்கு அது சாப்பாட்டுக்கு அப்புறம் வருவது. இவளுக்குச் சாப்பாடு வரும்வரை தாங்குவதற்கு. விடிந்ததும் சேற்றில் இறங்கி மதியம் வரை குனிந்த முதுகு நிமிராமல் நாற்று நடுகிறவள் ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசி அடங்கும், பல்வலி மரத்துப்போகும். சிலர் அதை அடக்கியபடியே படுத்துத் தூங்கியும் விடுவார்கள்.

சுண்ணாம்பு சேர்ந்த புகையிலையிலிருந்து நிகோட்டின் சீக்கிரம் இரத்தத்தில் ஏறும். பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உட்சதையை நாளடைவில் நார்போல இறுக்கும். நன்றாக இருக்கிற வாய் அகலத் திறந்தால் மூன்று விரல் நெட்டுக்குத்தாக நுழையும். இறுகிய வாயில் ஒரு விரல் நுழைவதே பாடு, காரம் பட்டால் எரியும். புகையிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறார்களோ அங்கேயே வெள்ளைத் திட்டு, அப்புறம் ஆறாத புண், அப்புறம் கட்டி. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-ல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெற்றுப் பாக்கும் அப்படித்தான் என்று 2004-ல் சொன்னது. சீவல் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஆனால் ஏழையின் வாயைப் பார்த்துக் கணக்கெடுத்த வேலை அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. காவிரி டெல்டாவில் இல்லை, தமிழ் பேசும் தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில். லண்டன் மிஷன் மருத்துவமனை அங்கே இருந்தது. அங்கே பணிபுரிந்த பெல்ஸ், பென்டால் என்ற இரண்டு மருத்துவர்கள் 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தனித்தனியே எழுதினார்கள். பெல்ஸ் எழுதியது வாய்ப்புற்று அறுவை சிகிச்சைகள் இருநூற்றுச் சொச்சத்தைப் பற்றி. பென்டால் தொகுத்தது 1,700 புற்றுநோயாளிகளை. அன்றைக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. எவரெஸ்ட் மலையில் 1922-லும் 1924-லும் ஏறிய சோமர்வெல் அறுவை மருத்துவராக வந்து தங்கியதும் இதே நெய்யூரில்தான். 1933-ல் ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை மெல்லும் திருவிதாங்கூர் மக்களின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதிப் புகையிலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

காவிரிக் கரையில் அப்படி ஒரு நெய்யூர் அமையவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையோடு சேர்ந்த பார்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் திறந்தது. அங்கே போக முடிந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே வழி இருந்தது. குத்தாலத்துக் கோயில்தான் தேவாரம் பாடிய திருத்துருத்தி. உடம்பில் கண்ட பிணியோடு வந்த சுந்தரர் இங்குள்ள குளத்தில் மூழ்கி எழுந்து நோய் நீங்கினார் என்பது பெரியபுராணம். கொஞ்சம் கிழக்கே போனால் வைத்தீஸ்வரன் கோயிலில் 4,448 வியாதிக்கும் மருந்தாகத் திருச்சாந்துருண்டை தருகிறார்கள். கன்னத்தில் கட்டி வந்தவர் முதலில் குளத்துக்கும் கோயிலுக்கும் போனார் என்றால் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம். நடந்து போகிற தூரத்தில், காசு கேட்காமல், வா என்று சொன்ன இடம் அது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அக்கா மருத்துவர், இருந்தும் காப்பாற்ற வழியில்லை. பின்னாளில் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராக உட்கார்ந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய அதே முத்துலட்சுமி ரெட்டி, 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். பேச்சு கட்டடமாக ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்கிற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமே இருந்ததாக, அந்த ஆஸ்பத்திரியில் பின்னாளில் பணிபுரிந்த டாக்டர் சாந்தா பல முறை சொல்லியிருக்கிறார். அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தபோது இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் நிதி திரட்டினார்கள். அப்படி எழுந்த சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பெயரோடு அந்தச் சங்கத்தின் பெயரும் இன்றுவரை ஒட்டியிருக்கிறது. நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஊர்ப் பெண்கள் நிற்கிற வழக்கம், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, ஆரம்பத்திலிருந்தே வந்தது.

1952 அக்டோபரில் அந்த நிலையத்துக்கு ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவசரச் சட்டமாக வந்ததும் அதே வருடம். குத்தாலமும், இன்றைய மயிலாடுதுறையான மாயவரமும் அன்றைக்குத் தஞ்சை ஜில்லா. மிராசுதார் நினைத்தபோது பண்ணையாளைத் துரத்த முடியாது என்று சட்டம் சொல்லத் தொடங்கிய காலத்தில், அந்தப் பண்ணையாளுக்கும் கதவு திறக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்னையில் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பதில் தவறில்லை.

1954 ஜூனில் பன்னிரண்டு படுக்கைகளோடு நிலையம் திறந்தது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும், மறு வருடம் வந்து சேர்ந்த வி. சாந்தாவும்தான் மருத்துவர்கள். 1957-ல் கோபால்ட் கதிர் சிகிச்சைக் கருவி வந்தது. இருவரும் வெறும் சிகிச்சையோடு நிற்கவில்லை. வந்தவர்களை உட்காரவைத்து என்ன மென்றீர்கள், எத்தனை வருடம், எந்தக் கன்னம் என்று கேட்டு எழுதினார்கள். 1959-ல் பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் வாய்ப்புற்றின் காரணங்களைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை அப்படிப் பிறந்தது. காசில்லாதவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற கொள்கையும் அப்போதே வந்துவிட்டது. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். முதலமைச்சர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ம் தேதி உணவுக்குழாய்ப் புற்றுநோயால் காலமானபோதுதான் இந்த நோயின் பெயர் தமிழ்நாட்டின் கடைசிக் கிராமம் வரை போனது. நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்த ஒரு முதலமைச்சராலேயே தப்ப முடியவில்லை என்பது அச்சத்தைத்தான் விதைத்தது. நோயைச் சீக்கிரம் பார்த்தால் தப்பலாம் என்கிற செய்தி அந்த அச்சத்தின் அடியில் புதைந்துபோனது.

குத்தாலத்து நடவுப் பெண்ணுக்கு அடையாறு எவ்வளவு தூரம்? ஒரு ராத்திரி ரயில் என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு தப்பு. கதிர் சிகிச்சை என்பது வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரம் தொடர்ந்து. அத்தனை நாளும் சென்னையில் தங்க வேண்டும். கூட ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் கூலியும் போகும். குறுவை நடவில் போனால் களையெடுப்பு முடிகிற வரைக்கும் வேலை இல்லை. பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஆட்டை யார் மேய்ப்பது? இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் பலர் கட்டியோடு வீட்டிலேயே இருந்தார்கள். புண் வெடித்து நாற்றம் தாங்காமல் போனபிறகு கிளம்பினார்கள். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது கத்தி வைக்கிற கட்டம் தாண்டியிருக்கும். ஏழைக்கு வந்த புற்று கொடூரமானது என்பதாலல்ல அவர்கள் அதிகம் செத்தது. கூலியை விட முடியாமல் தாமதமாக வந்ததால்தான்.

இதே கணக்கை நியூயார்க்கிலும் ஒருவர் போட்டார். ஹார்லம் பகுதியில் அறுவை மருத்துவராக இருந்த ஹரோல்டு பிரீமன். அவரிடம் வந்த ஏழைக் கறுப்பினப் பெண்களில் மார்பகப் புற்றோடு ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். பாதிப் பேர் நோய் முற்றிய பிறகு வந்தவர்கள். அவர் இலவசப் பரிசோதனை வைத்தார். 1990-ல் அதோடு அதே பேட்டையைச் சேர்ந்தவர்களையே நோயாளிக்குத் துணையாக அமர்த்தினார். சீட்டு வாங்கித் தருவது, படிவம் நிரப்புவது, அடுத்த தேதிக்கு வராதவரை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவது இவர்கள் வேலை. பின்னால் எடுத்த கணக்கில் 39 என்பது 70 ஆயிருந்தது. அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டில்கூட மருந்தைவிட முன்னால் தேவைப்பட்டது கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான வேலை திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையில் நடந்தது. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், கோவை பி.எஸ்.ஜி., பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள, முன்பு சொன்ன உலக சுகாதார நிறுவனத்துப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லாம் சேர்ந்து 2000-ல் அதைத் தொடங்கின. இலக்கு கருப்பைவாய்ப் புற்று. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1982-ல் எண்ணத் தொடங்கியபோது பெண்களின் புற்றில் முதலிடத்தில் இருந்தது அதுதான்.

முறை மிக எளிது. செவிலியர் ஒருவர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவார். ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் அளவு வீரியம்தான். ஒரு நிமிடம் காத்திருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மாறிப்போன செல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சோதனைச் சாலை வேண்டாம், முடிவுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், மறுபடி வா என்று சொல்ல வேண்டாம். தேவையென்றால் அன்றைக்கே குளிர் வாயுவால் அந்த இடத்தை உறைய வைத்துவிடலாம். செவிலியர்களுக்குப் பயிற்சி மூன்று வாரம்.

முப்பதிலிருந்து 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசியும் மூன்றில் ஒருவர் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது, நோய் வருவதே 25 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காகப் பரிசோதனையே இல்லாமல் விடப்பட்ட ஊர்களும் இருந்தன. அங்கே 30,958 பெண்கள். அவர்களில் 92 பேர் இந்த நோயில் இறந்தார்கள். தடுக்க வழி தெரிந்திருந்தும் ஒரு கூட்டத்தை அப்படியே விட்டுவைத்தது சரியா என்று பிறகு உலக அளவில் சர்ச்சை எழுந்தது. நடத்தியவர்கள் அன்றைய நடைமுறையே அதுதான் என்றார்கள். இந்தப் பதில் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் அம்மாவை இழந்த வீட்டில் எடுபடாது.

மும்பை சேரிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை இதையே இன்னும் எளிமையாகச் செய்தது. பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். பரிசோதனை நடந்த பிரிவில் கருப்பைவாய்ப் புற்று மரணம் 31 சதவீதம் குறைவு. வாய்ப்புற்றுக்குத் திருவனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களில் 1996-லிருந்து நடந்த ஆய்வும் உண்டு: சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நெய்யூர் மருத்துவர்கள் முற்றிய பிறகு அறுத்த அதே வகைக் கட்டியை இவர்கள் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே பிடித்தார்கள். கருவி என்று பார்த்தால் ஒரு டார்ச் லைட்.

இதெல்லாம் டெல்டாவுக்கு எப்போது வந்தது? 2007-ல் வந்தது, குத்தாலத்துக்கு அல்ல. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனையை முதலில் முன்னோட்டமாகத் தேனியிலும் தஞ்சாவூரிலும் நடத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பரிசோதிப்பார். கிராம சுகாதாரச் செவிலியர் தெருவில் யார் முப்பது தாண்டியவர் என்று பார்த்து அழைத்து வருவார். குத்தாலமோ 1991 அக்டோபரிலேயே தஞ்சாவூரை விட்டுப் பிரிந்து நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போயிருந்தது. ஆடுதுறைப் பெண்ணுக்குக் கிடைத்தது, இரண்டு ரயில் நிறுத்தம் தள்ளி இருக்கிற குத்தாலத்துப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஆறு, ஒரே நடவு, ஒரே சுருக்குப் பை; நடுவில் மாவட்ட எல்லை. 2012-ல் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் விரிந்தபோதுதான் அந்த எல்லை தேய்ந்தது. அதே வருடம் தமிழ்நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையும் அடையாறு நிலையத்தின் துணையோடு தொடங்கியது. எந்த ஊரில் எத்தனை பேர் என்பது அப்போதுதான் கணக்குக்குள் வரத் தொடங்கியது.

2013 மே மாதம் குட்கா, பான்மசாலா விற்பனையை மாநில அரசு தடை செய்தது. தடை காகிதத்தில் இருக்கிறது, பாக்கெட் பெட்டிக்கடைப் பலகைக்குக் கீழே இருக்கிறது. வெறும் சீவலுக்குத் தடையே கிடையாது, கல்யாணப் பந்தியில் தட்டில் வைத்து நீட்டுகிறோம்.

கணக்கு எப்படி நிற்கிறது? 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் ஒரு தடவையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் இந்தியா முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே உயர்ந்த எண் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் இன்னும் வரவில்லை என்று சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதிவைப்பதே உபயோகமாக இருக்கும். வெட்கம் ஒரு காரணம், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேல், ஒன்றும் செய்யாத உடம்பைக் காட்ட எதற்கு ஒரு நாள் கூலியை விடுவது என்கிற நியாயமான கேள்வி. நடவு நாளில் முகாம் போட்டுவிட்டு யாரும் வரவில்லை என்று அறிக்கை எழுதுகிற அதிகாரிகள் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்து 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் கொண்டுவந்தது. தெருவில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று தெரிந்தவர்கள் வருகிறார்கள்; மேலத்தெரு அக்கா சொன்னால் போகிறவள், வெள்ளைக் கோட்டு சொன்னால் போகமாட்டாள். முற்றிய நோயாளிக்கு வீட்டிலேயே வலி தணிப்புக் கவனிப்பும் அதில் உண்டு. வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் வீட்டுக்கு அழைப்புக் கடிதம் கொடுத்துப் பரிசோதிக்கும் முறை 2023 நவம்பரில் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டங்களில் முதலில் தொடங்கியது. டெல்டா மாவட்டம் ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. நெய்யூர் இருக்கும் மாவட்டம் இருக்கிறது.

குத்தாலம் 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். பரிசோதனையில் சந்தேகம் வந்தால் முதலில் போக வேண்டியது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள அரசு பெரியார் மருத்துவமனை. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் கிடையாது என்பதால் அதுவரை செலவில்லை. அதற்கு மேல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. அங்கே போக மப்சல் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காசு வேண்டும், போய் வர ஒரு முழு நாள். அந்த நாள் கூலியை யார் ஈடுகட்டுவது?